நாலு பேர் கூடினால்தான் டீ

விடியற்காலையில் சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு வருகிறவர்கள் நேராக வீட்டுக்குப் போவதில்லை. ஆத்தூர், வாழப்பாடி, ராசிபுரம், சேந்தமங்கலம் என்று எந்தப் பக்கம் போனாலும் ஊர் முக்கில் ஒரு டீக்கடை, அதன் முன்னால் ஒரு பெஞ்சு. வீட்டிலும் பாலும் தூளும் இருக்கத்தான் செய்கின்றன. ஆனாலும் பெஞ்சில் குடிக்கிற டீக்கு ருசி கூடுதல். பக்கத்தில் ஆள் இருப்பதால் வருகிற ருசி அது.

"ஏனுங்க மாமா, கெணத்துல தண்ணி எப்படிங்க?" என்று ஆரம்பிக்கும் பேச்சு, முட்டை விலை, மாட்டுச் சந்தை என்று சுற்றிக் குச்சிக்கிழங்கில் வந்து நிற்கும். மரவள்ளிக்கு ஆலைகளில் மாவுச்சத்தின் புள்ளிக் கணக்கில்தான் விலை. யாருக்கு எத்தனை புள்ளி வந்தது, எந்த ஆலையில் என்ன விலை கொடுத்தார்கள் என்பது டீ ஆறுவதற்குள் தெரிந்துவிடும். விலை தெரியாமல் தனியாக லோடு ஏற்றுகிறவர், சொன்ன விலைக்கு விட்டுவிட்டு வரவேண்டியதுதான்.

அதே பெஞ்சில் தவறான யோசனையும் பரவும். 2020-ல் கேரளத்தில் கண்டறியப்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி, சீக்கிரமே சேலம், நாமக்கல் வயல்களுக்கும் வந்து சேர்ந்தது. நுனி இலை சுருண்டு, கணு இடைவெளி குறுகி, செடி கொத்தாக நின்றுவிடும். இப்படிப்பட்ட நுனியைக் கிள்ளிக் காகிதத்தில் சுற்றி டீக்கடைக்குக் கொண்டுவந்தால், ஆளுக்கு ஒரு மருந்தின் பெயர் சொல்வார்கள். மருந்து திரும்பத் திரும்ப விழுந்தால் செலவும் ஏறும், நன்மை செய்யும் பூச்சிகளும் சாகும்.

இதற்கு மாற்றாக, பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து ‘அனகைரஸ் லோபெசி’ என்ற சிறு குளவியைத் தருவித்தது. 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் அது விடப்பட்டது. தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுபோகப்பட்ட இதே குளவிதான் 1980-களில் ஆப்பிரிக்காவின் மரவள்ளியைக் காப்பாற்றியது. மாவுப்பூச்சியின் உடலுக்குள் இது முட்டையிடும். பொரிக்கும் புழு, பூச்சியை உள்ளிருந்தே தின்று தீர்த்துவிடும்.

ஆனால் குளவிக்கு வரப்பு தெரியாது. ஒருவர் குளவி விட, பக்கத்துக் காட்டுக்காரர் மருந்தடித்தால் இரண்டு பேருக்கும் நஷ்டம். அக்கம்பக்கத்தார் நாலு பேரும் ஒரே முடிவுக்கு வரவேண்டும். அப்படி நாலு பேரும் தினமும் சேர்கிற இடம் டீக்கடை பெஞ்சுதான். காகிதத்தில் சுற்றிய நுனியைப் பெஞ்சில் காட்டுவது நல்லது. அதையே வேளாண் விரிவாக்க மையத்திலோ ஏத்தாப்பூரிலோ காட்டிவிட்டு, அங்கே சொன்னதைத் திரும்பப் பெஞ்சுக்குக் கொண்டுவருவது இன்னும் நல்லது.

இன்னொரு டீயும் உண்டு. களை எடுக்கிற பெண்கள் முற்பகலில் வேப்பமர நிழலில் உட்கார்ந்து, தூக்குப்போசியில் வந்த டீயைப் பகிர்ந்து குடிப்பார்கள். செடிக்குச் செடி குனிந்து போகிற அவர்கள் கண்ணில்தான் சுருண்ட நுனி முதலில் படும். அந்த டீயில் ஒரு டம்ளரைக் காட்டுக்காரரும் வாங்கிக் கொண்டு, "என்னக்கா, செடி எப்படி இருக்குது?" என்று கேட்டால், மறுநாள் காலை பெஞ்சில் சொல்ல அவருக்கும் ஒரு சேதி இருக்கும்.