தானுந்துப் பொத்தான்களின் பிசுபிசுப்பு

தானுந்துப் பொத்தான்களின் பிசுபிசுப்பு என்பது, பழைய சொகுசுத் தானுந்துகளின் உட்பகுதியிலுள்ள பொத்தான்கள், ஆளிகள், காற்றுத்துளைச் சட்டங்கள் முதலியவற்றின் மேற்பரப்பு காலப்போக்கில் இளகி, தொட்டால் கையில் ஒட்டும் நிலையை அடைவதைக் குறிக்கும். 1990களிலும் 2000களிலும் உற்பத்தியான பல ஐரோப்பியத் தானுந்துகளில் இது காணப்படுகின்றது. பார்வைக்கு அழுக்குப் படிந்தது போல் தோன்றினாலும், இது வெளியிலிருந்து வந்து சேர்ந்த அழுக்கு அன்று. பொத்தானின் மேல் தொழிற்சாலையில் பூசப்பட்ட மென்மையான பூச்சே வேதியியல் மாற்றமடைந்து பசை போலாகின்றது. ஆகவே, இதனைத் துப்புரவு செய்தல் என்பது உண்மையில் அப்பூச்சை நீக்குதலே ஆகும். நீக்கிய பூச்சை மீண்டும் பெற இயலாது. சில பொத்தான்களில் குறியீடுகளும் அப்பூச்சிலேயே அமைந்துள்ளன. இதனால், வேலையைத் தொடங்குமுன் பொத்தானின் அமைப்பை அறிந்துகொள்வது இன்றியமையாதது.

மென்தொடு பூச்சு

தானுந்தின் உட்புறப் பொத்தான்கள் பெரும்பாலும் ஏ.பி.எஸ். அல்லது பாலிகார்பனேட் வகை நெகிழிகளால் வார்க்கப்படுகின்றன. இவை உறுதியானவை, ஆனால் கடினமாகவும் பளபளப்பாகவும் இருப்பவை. தோலும் மரமும் கொண்டு அலங்கரிக்கப்பட்ட சொகுசுத் தானுந்தில் இத்தகைய நெகிழி மலிவானதாகத் தோற்றமளிக்கும். அதன் பளபளப்பு முன்கண்ணாடியில் எதிரொளித்து ஓட்டுநரின் பார்வைக்கும் இடையூறு செய்யும். இக்குறைகளைப் போக்க, நெகிழியின் மீது மென்தொடு பூச்சு எனப்படும் மெல்லிய படலம் பூசப்பட்டது. ஒரு மில்லிமீட்டரின் நூறில் சில பங்கு தடிப்பே உடைய இப்படலம், ஒளியைச் சிதறடித்து மங்கலான தோற்றத்தையும், தொடுகையில் மெல்லிய தோல் அல்லது இரப்பர் போன்ற உணர்வையும் தந்தது.

இப்பூச்சின் அடிப்படைப் பொருள் பாலியூரித்தேன் என்னும் பலபடி ஆகும். இதனை 1937ஆம் ஆண்டில் செருமனியின் லெவர்கூசன் நகரில் ஓட்டோ பேயரும் அவருடன் பணியாற்றியோரும் உருவாக்கினர். ஐசோசயனேட்டுகளும் பாலியால்களும் வினைபுரிவதால் பாலியூரித்தேன் உண்டாகின்றது. இதன் மூலக்கூற்றுச் சங்கிலியில் விறைப்பான பகுதிகளும் நெகிழ்வான பகுதிகளும் மாறிமாறி அமைந்திருக்கும். விறைப்பான பகுதிகள் பூச்சுக்கு உறுதியையும், நெகிழ்வான பகுதிகள் மென்மையையும் அளிக்கின்றன. மென்தொடு பூச்சில் நெகிழ்வான பகுதியின் அளவு வேண்டுமென்றே கூட்டப்பட்டிருக்கும். சங்கிலிகளுக்கு இடையிலான குறுக்குப் பிணைப்புகள் குறைவாக இருக்கும். விரலுக்கு இதமாக இருக்கும் பண்பும், விரைவில் சிதையும் பண்பும் ஒரே காரணத்திலிருந்து தோன்றுகின்றன என்பது இங்கு குறிப்பிடத்தக்கது.

காணப்படும் தானுந்துகள்

இச்சிக்கலுக்குப் பரவலாக அறியப்பட்ட எடுத்துக்காட்டுகள் இத்தாலிய நிறுவனமான ஃபெராரியின் தானுந்துகளாகும். 1994 முதல் 1999 வரை உற்பத்தியான எஃப்355, 1996இல் வெளிவந்த 550 மரனெல்லோ, 1999இல் வெளிவந்த 360 மொடெனா ஆகியவற்றில் காற்றுத்துளைகள், சன்னல் ஆளிகள், நடுப்பலகைப் பொத்தான்கள் முதலியன பிசுபிசுப்பது வழக்கம். மசெராட்டி நிறுவனம் 1997 முதல் படிப்படியாக ஃபெராரியின் கட்டுப்பாட்டின்கீழ் வந்தது. அக்காலகட்டத்து மசெராட்டித் தானுந்துகளிலும், 2003இல் அறிமுகமான ஐந்தாம் தலைமுறை குவாட்ரோபோர்ட்டேயிலும் இதே நிலை காணப்படுகின்றது. இத்தாலியத் தானுந்துகளில் மட்டுமே இது நிகழ்கின்றது எனக் கொள்ளலாகாது. அதே காலத்தில் இதே வகைப் பூச்சைப் பயன்படுத்திய பிற நாட்டுத் தானுந்துகளிலும் இது உண்டு.

சிதைவின் வேதியியல்

பூச்சின் நெகிழ்வான பகுதிகள் பல வேளைகளில் பாலியெஸ்தர் வகையைச் சேர்ந்தவை. இவற்றிலுள்ள எஸ்தர் பிணைப்புகளைக் காற்றிலுள்ள நீராவி மெல்ல மெல்லப் பிளக்கின்றது. இவ்வினை நீராற்பகுப்பு எனப்படும். ஓர் எஸ்தர் பிணைப்பு பிளவுறும்போது ஒரு முனையில் கார்பாக்சிலிக் அமிலமும் மறுமுனையில் ஆல்ககாலும் உண்டாகின்றன. நீண்ட சங்கிலிகள் இவ்வாறு துண்டுதுண்டாக உடைவதால், திண்மமாக இருந்த படலம் தேன் போன்ற பிசின் நிலையை நோக்கிச் செல்கின்றது.

இங்கு உண்டாகும் அமிலம் அடுத்த எஸ்தர் பிணைப்பு பிளவுறுவதற்கு ஊக்கியாகவும் அமைகின்றது. வினையின் விளைபொருளே வினையை விரைவுபடுத்தும் இந்நிகழ்வு தன்வினையூக்கம் எனப்படும். பல ஆண்டுகள் மாற்றமின்றி இருந்த பொத்தான் பின்னர் குறுகிய காலத்திலேயே பிசுபிசுக்கத் தொடங்குவதற்கு இது ஒரு காரணமாகும்.

சிதைவைக் கூட்டும் ஏனைய காரணிகள் பின்வருமாறு:

- வெப்பம்: வெயிலில் மூடி நிறுத்தப்பட்ட தானுந்தின் முகப்புப் பலகை 70 பாகை செல்சியசையும் தாண்டக்கூடும். வெப்பநிலை உயர வினையின் வேகமும் உயரும்.
- ஒளி: சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர்கள் பலபடியின் பிணைப்புகளை உடைத்து, ஆக்சிசனேற்றத்தைத் தூண்டுகின்றன.
- எண்ணெய்ப் பொருட்கள்: தோலின் எண்ணெய்ப் பசை, வியர்வை, கைக்குப் பூசும் களிம்பு ஆகியன பூச்சினுள் ஊறி அதனை மேலும் இளகச் செய்கின்றன.

இவற்றுள் நீராவி எங்கும் உள்ளது. எனவே, குறைந்த தொலைவே ஓடிய தானுந்தும், ஆண்டுக்கணக்கில் கொட்டகையில் வைத்துப் பேணப்பட்ட தானுந்தும் இச்சிதைவிலிருந்து தப்புவதில்லை. உறை பிரிக்காமல் வைக்கப்பட்டிருந்த பழைய உதிரிப்பாகங்கள்கூடப் பிசுபிசுத்துப் போவதுண்டு. சவர்க்கார நீரால் துடைப்பது மேலே ஒட்டிய தூசியை அகற்றுமேயன்றிச் சிதைவை நிறுத்தாது. முகப்பவுடர் தூவினால் ஒட்டும் தன்மை சில நாட்கள் மறையும். பின்னர் அத்தூளும் பசையுடன் கலந்து சாம்பல் நிறப் படிவாகும்.

குறியீடுகளின் அமைப்பு

பொத்தானின் மேலுள்ள குறியீடு எந்த அடுக்கில் உள்ளது என்பதைப் பொறுத்தே துப்புரவின் விளைவு அமையும். பொதுவாக நான்கு வகைகள் உள்ளன.

1. இரு வண்ண வார்ப்பு: இரண்டு நிற நெகிழிகள் சேர்த்து வார்க்கப்பட்டு, குறியீடு நெகிழியின் உடலிலேயே அமைந்திருக்கும். பூச்சை நீக்கினாலும் குறியீடு அழியாது.
2. பள்ளக் குறியீடு: நெகிழியில் குழிவாக வார்க்கப்பட்டு வண்ணம் நிரப்பப்பட்டிருக்கும். குழியின் வடிவம் அழியாது. அதிலுள்ள வண்ணம் கரையக்கூடும்.
3. அச்சுக் குறியீடு: பூச்சின் மேல் வெள்ளை மையால் அச்சிடப்பட்டிருக்கும். பூச்சுடன் குறியீடும் போய்விடும்.
4. லேசர் குறியீடு: வெண்மையான அல்லது ஒளி ஊடுருவும் நெகிழியின் மீது கறுப்புப் பூச்சு இடப்பட்டு, குறியீட்டின் வடிவில் அப்பூச்சு லேசர் கதிரால் எரித்து நீக்கப்பட்டிருக்கும். இரவில் பின்னிருந்து வரும் ஒளி அவ்வழியே தெரியும். இங்கு கறுப்புப் பூச்சை நீக்கினால் பொத்தான் முழுவதும் வெண்மையாகி, குறியீடு அடியோடு மறையும்.

வகையை அறிய மூன்று எளிய சோதனைகள் உள்ளன. முதலாவது, பொத்தானைக் கழற்றி அதன் அடிப்பக்கத்தைப் பார்த்தல். அங்கு நெகிழி கறுப்பாக இருந்தால் பூச்சை நீக்கிய பின்னும் பொத்தான் கறுப்பாகவே இருக்க வாய்ப்புண்டு. வெண்மையாகவோ ஒளி ஊடுருவுவதாகவோ இருந்தால், மேலே தெரியும் கறுப்பு வெறும் பூச்சாக இருக்கலாம். இரண்டாவது, குறியீட்டின் விளிம்பை உருப்பெருக்கியால் சாய்வாகப் பார்த்தல். குறியீடு சுற்றுப்புறத்தைவிடச் சற்றுத் தாழ்ந்திருந்தால் அது லேசரால் வெட்டப்பட்டதாகவோ பள்ளக் குறியீடாகவோ இருக்கலாம். சற்று மேலெழுந்திருந்தால் அச்சிடப்பட்டது எனலாம். மூன்றாவது, கண்ணில் படாத ஓரத்தில் சிறிதளவு பூச்சை நீக்கிப் பார்த்தல். வகை உறுதியாகாவிடின், குறியீடு பூச்சில் இருப்பதாகவே கொள்வது பாதுகாப்பானது. எச்சரிக்கை விளக்கு, கதவுப் பூட்டு போன்றவற்றின் குறியீடுகள் அழிந்தால், இழப்பு தோற்றத்தைச் சார்ந்தது மட்டுமன்று. அவசர வேளையில் சரியான பொத்தானைக் கண்டறிவதும் கடினமாகும்.

பூச்சை நீக்கும் முறை

இதற்கு ஐசோபுரொப்பைல் ஆல்ககால் பொதுவாகப் பயன்படுத்தப்படுகின்றது. இது சிதைந்த பாலியூரித்தேனை ஊறச் செய்து இளக்குகின்றது. அடியிலுள்ள நெகிழியைப் பெரும்பாலும் பாதிப்பதில்லை. 70 விழுக்காட்டுக் கரைசல் மெதுவாகவும், 90 விழுக்காட்டுக்கு மேற்பட்ட கரைசல் விரைவாகவும் செயற்படும்.

1. மின்கலத்தின் எதிர்முனை இணைப்பைக் கழற்ற வேண்டும். திசைமாற்றிச் சக்கரத்தின் மேலோ அருகிலோ உள்ள பொத்தான்களாயின் காற்றுப்பை அங்கு இருப்பதைக் கருத்திற் கொள்ள வேண்டும். காற்றுப்பைக்குரிய இணைப்பிகள் பொதுவாக மஞ்சள் நிறத்தில் இருக்கும். தானுந்தின் கையேடு கூறும் காத்திருப்பு நேரம் கழியும் முன் அவற்றைத் தொடுதல் கூடாது; பயிற்சியற்றோர் அப்பகுதியைக் கழற்றாதிருத்தல் நன்று.
2. கழற்றும் முன் பொத்தான்களின் வரிசையையும் கம்பி இணைப்புகளையும் ஒளிப்படம் எடுத்துக்கொள்ள வேண்டும். உலோகத் திருப்புளிக்குப் பதிலாக நெகிழி நெம்புகோலைப் பயன்படுத்தினால் விளிம்புகளில் வடு ஏற்படாது.
3. இயன்றவரை பொத்தானின் மூடியை மின்சுற்றுப் பகுதியிலிருந்து தனியே பிரிக்க வேண்டும். பிரிக்க இயலாவிடின் ஆல்ககாலைத் துணியில் இட்டே துடைக்க வேண்டும். பொத்தானின் மீது நேரடியாகத் தெளித்தால் கரைந்த பசை இடுக்குகளில் வழிந்து ஆளியை இறுகச் செய்யும்.
4. நைட்ரைல் கையுறை அணிந்து, நனைத்த துணியைப் பொத்தானின் மீது ஓரிரு நிமிடங்கள் வைத்திருந்து, பின் ஒரே திசையில் துடைக்க வேண்டும். துணியின் தூய பகுதியை அடிக்கடி மாற்றாவிடின் எடுத்த பசையே மீண்டும் பரவும்.
5. மூலைகளையும் பள்ளங்களையும் பஞ்சு சுற்றிய குச்சியால் துடைக்கலாம். பிடிவாதமான பகுதிகளைக் கூர்மையற்ற மர அல்லது நெகிழித் தகட்டால் மெல்ல வழித்தெடுக்கலாம்.
6. எல்லாம் முடிந்த பின் நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, நன்கு உலரவிட்டுப் பொருத்த வேண்டும்.

பூச்சு எல்லா இடங்களிலும் ஒரே அளவில் சிதைந்திருப்பதில்லை. விரல் அதிகம் பட்ட இடம் உடனே கரையும். சிதையாத இடம் எளிதில் விடாது. அவ்விடங்களில் வலிமையான கரைப்பானை நாடுவதைவிட, மேற்கூறிய படிகளைப் பலமுறை மீண்டும் செய்வதே ஏற்றது.

தவிர்க்க வேண்டியவை

அசிட்டோன், தின்னர் ஆகியவை பூச்சை மட்டுமன்றி ஏ.பி.எஸ்., பாலிகார்பனேட் ஆகிய நெகிழிகளையும் தாக்கும். பெட்ரோல் எளிதில் தீப்பற்றுவது. நெகிழிக்கும் கேடு விளைவிக்கும். எரிசோடா கலந்த அடுப்புத் துப்புரவிகள் பாலிகார்பனேட்டைச் சிதைப்பதோடு, அருகிலுள்ள அலுமினிய அலங்காரப் பட்டைகளையும் அரிக்கும். உப்புத்தாள் நெகிழியின் வார்ப்பு நயத்தை அழித்துவிடும்.

ஐசோபுரொப்பைல் ஆல்ககாலும் தீப்பற்றக்கூடியதே. ஏறத்தாழ 12 பாகை செல்சியசிலேயே அதன் ஆவி தீப்பற்றும் நிலையை அடைகின்றது. கதவுகளைத் திறந்துவைத்து, தீப்பொறிக்கு இடமில்லாத நிலையில் வேலை செய்ய வேண்டும்.

மறுபூச்சும் மாற்றும்

பூச்சு நீங்கிய கறுப்பு நெகிழி சற்றுப் பளபளப்பாக இருப்பினும் அப்படியே பயன்படுத்தத்தக்கது. முந்தைய தோற்றத்தை விரும்புவோர் மங்கல் வகை வண்ணப்பூச்சை மீண்டும் பூசுவதுண்டு. லேசர் குறியீடுள்ள பொத்தான்களுக்கு, கறுப்புப் பூச்சு இட்டுப் புதிதாகக் குறியீடு வெட்டித்தரும் சிறப்புப் பட்டறைகளை நாட வேண்டும். இருகூற்றுப் பாலியூரித்தேன் பூச்சுகளில் உள்ள ஐசோசயனேட்டுகள் மூச்சுக்குழாயைத் தாக்கி ஈளை நோயை உண்டாக்கக்கூடியவை. எனவே, உரிய மூச்சுக்காப்பும் காற்றோட்டமும் இன்றி அவற்றைத் தெளித்தல் கூடாது.

பழைய தானுந்துகளைச் சேகரிப்போரிடையே இதுபற்றி இரு நோக்குகள் உள்ளன. தொழிற்சாலையிலிருந்து வந்தவாறே தானுந்து இருத்தல் வேண்டும் என்பது ஒன்று. பயன்படுத்தத்தக்க நிலையில் இருத்தல் வேண்டும் என்பது மற்றொன்று. ஆயினும் சிதைந்த பூச்சு முந்தைய நிலைக்குத் திரும்பப்போவதில்லை. நிழலில் நிறுத்துதல், சன்னல்களுக்கு மறைப்பிடுதல், ஈரப்பதத்தைக் குறைத்தல் ஆகியன சிதைவைத் தாமதப்படுத்துமேயன்றித் தடுக்கமாட்டா.

ஏனைய பொருட்களில்

இதே வேதியியல் மாற்றம் தானுந்துகளுக்கு வெளியிலும் காணப்படுகின்றது. நிழற்படக்கருவி, இருகண் தொலைநோக்கி, கணினிச் சுட்டி ஆகியவற்றின் மென்மையான கைப்பிடிகள் பிசுபிசுப்பதும், பெட்டியில் வைத்திருந்த காலணியின் பாலியூரித்தேன் அடிப்பாகம் ஒருநாள் நொறுங்கிப்போவதும் இவ்வகையினவே. இருபதாம் நூற்றாண்டின் நெகிழிப் பொருட்களைக் காக்கும் அருங்காட்சியகங்களுக்கும் பாலியூரித்தேனின் சிதைவு ஒரு பெரும் சிக்கலாக உள்ளது. அங்கு பொருளின் மேற்பரப்பே காட்சிக்குரியது. ஆதலால், தானுந்துப் பொத்தானில் செய்வது போல் அதனை வழித்தெடுத்துவிட இயலாது.