சிறு விமானமும் வாழ்நாள் பொழுதுபோக்கும்

விமானம் என்றவுடன் நூற்றுக்கணக்கானோரை ஏற்றிக்கொண்டு கடல் கடக்கும் பெரிய விமானங்களே நம் கண்முன் தோன்றுகின்றன. ஆனால், மோட்டார் காரைப் போலத் தனி மனிதர் ஒருவர் சொந்தமாக வைத்துக்கொண்டு, ஓய்வு நாள்களில் தாமே ஓட்டி மகிழும் சிறிய விமானங்களும் உலகில் இலட்சக்கணக்கில் உள்ளன. தபால்தலை சேர்ப்பதும் மீன் வளர்ப்பதும் சிலருக்குப் பொழுதுபோக்காக இருப்பது போல, இவர்களுக்குப் பறப்பது பொழுதுபோக்கு. ஆனால் இது, கோளாறு ஏற்பட்டால் ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கிக்கொள்ள இயலாத பொழுதுபோக்கு. அப்படியிருந்தும் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் இதனைக் கைவிடாது போற்றியவர்கள் உண்டு. அவர்கள் அதனை எவ்வாறு செய்தார்கள்?

இப்பொழுதுபோக்கைப் பலருக்கும் எட்டச் செய்த பெருமை, இங்கிலாந்தின் டி ஹாவிலண்ட் நிறுவனம் உருவாக்கிய 'மாத்' என்னும் விமானத்தையே பெரிதும் சாரும். அது முதன்முதலில் 1925 பிப்ரவரியில் பறந்தது. ஒட்டுப்பலகையால் ஆன உடல். மரச்சட்டத்தின்மேல் துணி போர்த்திய இறக்கைகள். இருவர் அமர இடம். இறக்கைகளைப் பின்புறமாக மடித்துவிட்டால் சிறு கொட்டகைக்குள் அடங்கிவிடும். காரின் பின்னால் கட்டி இழுத்துச் செல்லவும் முடியும். பறக்கும் திறனைவிட இந்த மடிப்பு வேலையே பலரை வாங்கத் தூண்டியிருக்கும் என்று நமக்குத் தோன்றுகிறது!

1930 மே மாதம் இத்தகைய ஜிப்சி மாத் விமானமொன்றில் ஏமி ஜான்சன் என்னும் ஆங்கிலப் பெண்மணி தன்னந்தனியே இலண்டனை அடுத்த கிராய்டனிலிருந்து ஆஸ்திரேலியாவின் டார்வின் நகர் வரை பறந்தார். வழியில் நம் சிங்கப்பூரிலும் இறங்கினார். அவர் ஓட்டக் கற்றதோடு நிற்கவில்லை. இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டும் தொழிலையும் பயின்று உரிமம் பெற்றிருந்தார்.

இன்று பலர் வைத்திருப்பது அமெரிக்காவின் செஸ்னா 172 போன்ற, நால்வர் அமரும் விமானம். 1956ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த அவ்வகையில் 40,000க்கும் மேற்பட்டவை செய்யப்பட்டுள்ளன. மணிக்கு ஏறத்தாழ 220 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். தனியே வாங்க இயலாதோர் நான்கைந்து பேர் கூடி ஒன்றை வாங்கி, முறை வைத்து ஓட்டுவதும் வழக்கம்.

பறப்பதற்கு முன் செய்யும் சோதனைகள்தாம் இப்பொழுதுபோக்கின் பெரும்பகுதி. இறக்கையின் அடியிலுள்ள சிறு குழாய் வழியாகச் சிறிது பெட்ரோலைக் கண்ணாடிக் குவளையில் பிடித்து, வெளிச்சத்தில் உயர்த்திப் பார்ப்பார்கள். தொட்டி நிறையாதிருந்தால், உள்ளேயுள்ள ஈரக்காற்று இரவில் குளிர்ந்து நீர்த்துளியாக மாறும். நீர் பெட்ரோலைவிடக் கனமானதாகையால் குவளையின் அடியில் தங்கும். இரப்பர்ப் பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று நிறுக்குமிடத்தில் சோதிப்பதை அறிந்த நம் பெற்றோருக்கு இது எளிதில் விளங்கும். தண்ணீர் தெரிந்தால், அது முழுதும் வடியும் வரை விமானம் புறப்படாது.

அடுத்து இயந்திரம். மோட்டார் சைக்கிளில் இருப்பது போன்ற பிளக்குகள், இங்கே ஒவ்வோர் உருளைக்கும் இரண்டு வீதம் உள்ளன. அவற்றுக்கு மின்பொறி வழங்கும் மேக்னெட்டோ என்னும் கருவியும் இரண்டு. ஒன்று பழுதானாலும் மற்றது காப்பாற்றும். ஓடுபாதையில் ஓடத் தொடங்குமுன் ஒன்றை அணைத்துப் பார்த்து, பிறகு மற்றதையும் அணைத்துப் பார்த்து, இரண்டும் செம்மையாக உள்ளனவா என உறுதி செய்வர்.

இவ்வளவுக்கும் பிறகு வானில் இயந்திரம் நின்றுவிட்டால்? கல்லைப் போல விழுந்துவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. மூக்கைச் சற்றுத் தாழ்த்திப் பிடித்தால், இறக்கைகளின்மீது காற்று தொடர்ந்து பாய்ந்து விமானத்தைத் தாங்கும். செஸ்னா 172, ஆயிரம் மீட்டர் உயரத்திலிருந்து ஏறக்குறைய 9 கிலோமீட்டர் தொலைவு வரை சறுக்கிச் செல்லவல்லது. அதற்குள் இறங்கத்தக்க வெளியொன்றைக் கண்டுபிடிக்க வேண்டும். ஆகவே, எங்கே இறங்கலாம் என்று கீழே பார்த்துக்கொண்டே பறப்பது நல்ல விமானியின் பழக்கம்.

இத்தகைய பறத்தலை வாழ்நாள் முழுதும் போற்றியவருள் ஒருவர் ஜே.ஆர்.டி. டாட்டா. பெரிய தொழிலதிபர் என்றே அவரை நாம் அறிவோம். 1904ஆம் ஆண்டு பிறந்த அவர், சிறுவயதில் பிரான்சு நாட்டுக் கடற்கரையில் விமானங்களைப் பார்த்து ஆசை கொண்டவர். 1929 பிப்ரவரி 10ஆம் நாள், இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் விமானி உரிமத்தைப் பெற்றார். அதன் எண் 1.

அடுத்த ஆண்டு, இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாகப் பறந்து முடிக்கும் முதல் இந்தியருக்கு ஆகாகான் பரிசு அறிவித்திருந்தார். டாட்டா இந்தியாவிலிருந்து மேற்கே பறந்தார். ஆஸ்பி எஞ்சினியர் என்னும் பதினேழு வயது இளைஞர் எதிர்த்திசையில் வந்தார். எகிப்து நாட்டின் அபூகீரில் இருவரும் சந்தித்தனர். இளைஞரோ மாற்றுப் பிளக்குகள் இன்றித் தவித்துக்கொண்டிருந்தார். டாட்டா தம்மிடமிருந்த உதிரிப் பிளக்குகளை எடுத்துக் கொடுத்தார். பரிசு அந்த இளைஞருக்கே போயிற்று. பின்னாளில் அவ்விளைஞர் இந்திய விமானப்படையின் தலைமைத் தளபதியானார்.

1932 அக்டோபர் 15ஆம் நாள் டாட்டா, 'புஸ் மாத்' விமானத்தில் கராச்சியிலிருந்து அஞ்சல் பைகளுடன் புறப்பட்டு, அகமதாபாத் வழியாகப் பம்பாயின் ஜுஹுவில் இறங்கினார். அகமதாபாத்தில் விமானத்துக்கு வேண்டிய பெட்ரோல், மாட்டுவண்டியில் தகர டின்களில் வந்தது! பம்பாயிலிருந்து அஞ்சலைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டு சென்றவர் அவருடைய நண்பர் நெவில் வின்சென்ட்.

முப்பது ஆண்டுகள் கழித்து, 1962இல், டாட்டா அதே வழியில் மீண்டும் பறந்தார். 1982 அக்டோபர் 15ஆம் நாள் மூன்றாம் முறையாகவும் பறந்தார். அப்போது அவருக்கு வயது 78. கராச்சி இப்போது வேறொரு நாட்டின் நகரம். பெரிய ஜெட் விமானங்கள் அதே வானில் பறந்துகொண்டிருந்தன. அவர் தேர்ந்துகொண்டதோ 'லெப்பர்டு மாத்' என்னும் பழைய சிறு விமானம். அன்று பிற்பகல், ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இறங்கிய அதே ஜுஹுவில் அதனை இறக்கினார்.