உடம்புக்குள் ஒரு காவல்

நம் உடம்பின் செல்களுக்குள் பி53 என்ற புரதம் காவல் இருக்கிறது. 1979-ல் இதைக் கண்டுபிடித்தார்கள். செல்லில் பழுது வந்தால், அது பெருகாமல் பி53 நிறுத்தி வைக்கும். பழுது சரியாகாவிட்டால் அந்தச் செல்லையே சாகடித்துவிடும். இந்தக் காவல் கெட்டுப்போனால் பழுதான செல்கள் பெருகிப் புற்றுநோய் ஆகலாம்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் நடப்பது இதுதான். உடலுறவு மூலம் தொற்றும் ஹெச்.பி.வி. வைரஸ் பெரும்பாலும் தானே போய்விடும். சிலருக்கு மட்டும் தங்கிவிட்டு, பி53-ஐ அழிக்கிறது. ஆரம்பத்தில் வலி இருக்காது. புற்றாக மாறப் பல வருஷம் ஆகும். அதற்குள் கண்டுபிடித்தால் தடுத்துவிடலாம்.

“எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே” என்று தள்ளிப் போடாதீங்க. 30 வயது தாண்டியவர்கள் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பரிசோதித்துக்கொள்ளலாம். வெட்கம் வேண்டாம், குழுவாகவே போய் வருவோம்!