வயிற்றில் குழந்தை, மனசில் பீதி! கொரோனா நாட்களில் தவித்த புதுவைக் கர்ப்பிணிகள்

புதுச்சேரி:-

கொரோனா ஊரடங்கு நாட்களிலும் புதுவையில் பிரசவ ஆஸ்பத்திரி திறந்திருந்தது. டாக்டர் இருந்தார், நர்சு இருந்தார். ஆனால் தலையைத் தடவி "பயப்படாதேம்மா" என்று சொல்லப் பெண்ணைப் பெற்றவள் பக்கத்தில் இல்லை. வயிற்றுப் பிள்ளையோடு மனசில் பீதியையும் சேர்த்துச் சுமந்தார்கள் கர்ப்பிணிப் பெண்கள்.

2023 மே 5-ந் தேதி கொரோனா அவசர நிலை முடிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்துவிட்டது. ஆனால் அந்த நாட்கள் காட்டிக் கொடுத்த குறை ஒன்று இன்னும் முழுசாகத் தீரவில்லை. கர்ப்பிணியின் உடம்பைப் பார்க்கிறோம். மனசைக் கேட்பதில்லை என்பதுதான் அது.

இது பற்றிய விவரம் வருமாறு:-

எல்லையில் தடுப்பு

2020 மார்ச் 17-ந் தேதி புதுச்சேரி மாநிலத்தின் முதல் கொரோனா நோயாளி மாகியில் கண்டுபிடிக்கப்பட்டார். அடுத்த வாரமே, 25-ந் தேதி முதல் நாடு முழுவதும் 21 நாள் ஊரடங்கு. பிறகு அது நீண்டுகொண்டே போனது.

பஸ் நின்றது. கோரிமேடு, மதகடிப்பட்டு, முள்ளோடை, கனகசெட்டிக்குளம் எல்லைகளில் போலீசார் தடுப்பு போட்டு வண்டிகளை மறித்தார்கள்.

புதுவை ஒரே துண்டாக உள்ள ஊர் அல்ல. பிரெஞ்சுக்காரர் காலத்து எல்லை இன்றும் வளைந்து நெளிந்துதான் கிடக்கிறது. நடுநடுவே தமிழ்நாட்டுக் கிராமங்கள். புதுவைக்காரர்கள் பெண் கொடுத்ததும் எடுத்ததும் விழுப்புரத்திலும் கடலூரிலும் திண்டிவனத்திலும் பரவிக் கிடக்கிறது. கல்யாணத்துக்கு எல்லை குறுக்கே வந்ததில்லை. பிரசவத்துக்கு வந்துவிட்டது!

ஏழாம் மாசமோ ஒன்பதாம் மாசமோ வளையல் அடுக்கி, தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்துப் போவது நம் வழக்கம். அது வெறும் சடங்கு அல்ல. பெற்றவள் கையால் சாப்பிட்டு, பகலில் தூங்கி, தெரிந்த முகங்களோடு பேசி, பயத்தைக் கரைத்துக் கொள்ளும் காலம் அது. ஊரடங்கில் அந்த மருந்து பல பெண்களுக்குக் கிடைக்கவில்லை. இ-பாஸ் வருமா, வண்டி கிடைக்குமா, ராத்திரியில் வலி எடுத்தால் என்ன செய்வது என்ற கவலைதான் மிஞ்சியது.

ஆஸ்பத்திரிக்கே பயம்

புதுவையில் ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் ஆஸ்பத்திரியில்தான் நடக்கின்றன. எல்லைப்பிள்ளைச்சாவடி அரசு மகளிர், குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கும் ஜிப்மருக்கும் சுற்றுவட்டாரத் தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்தும் பெண்கள் வருகிறார்கள்.

கொரோனா வந்ததும் நம்பிக்கை தந்த அதே ஆஸ்பத்திரி பயம் தரும் இடமாக மாறியது. கதிர்காமம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி கொரோனா சிகிச்சைக்கு ஒதுக்கப்பட்டது. ஜிப்மரில் வெளிநோயாளிகள் வருகை குறைக்கப்பட்டு, போனில் ஆலோசனை சொல்லும் ஏற்பாடு வந்தது. பிரசவமும் அவசர சிகிச்சையும் நிற்கவில்லை. ஆனாலும் மாசா மாசம் செக்கப்புக்குப் போவதா வேண்டாமா என்று வீடுகளில் குழப்பம்.

இது புதுவையின் கதை மட்டுமல்ல. 2020-ல் பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரி நிபுணர்கள் 118 மகப்பேறு டாக்டர்களிடம் விசாரித்தார்கள். கர்ப்பிணிகள் அதிகம் சொன்ன கவலை எது தெரியுமா? ஆஸ்பத்திரிக்கு வருவதுதான்! நோய் வராமல் காத்துக் கொள்வது எப்படி, பிள்ளைக்கு ஏதாவது ஆகுமா என்பதெல்லாம் அடுத்ததாக வந்தன. செல்போனில் வரும் வதந்திகள் வேறு வயிற்றைக் கலக்கின.

வசதியான நாடுகளும் தப்பவில்லை. கனடாவில் அதே ஆண்டு 1,987 கர்ப்பிணிகளிடம் எடுத்த ஆய்வில் 100-க்கு 37 பேரிடம் மனச்சோர்வின் அறிகுறியும், 57 பேரிடம் பதற்றத்தின் அறிகுறியும் தெரிந்தன.

2-வது அலை

2021 ஏப்ரல், மே மாதங்களில் வந்த 2-வது அலை இன்னும் மோசம். கொரோனா பிடித்த கர்ப்பிணிகள், பிள்ளை பெற்ற பெண்கள் பற்றி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் கணக்கெடுத்தது. நோய் அறிகுறி தெரிந்தவர்கள் முதல் அலையில் 14.2 சதவீதம், 2-வது அலையில் 28.7 சதவீதம். இறந்தவர்கள் 0.7 சதவீதத்திலிருந்து 5.7 சதவீதமாக உயர்ந்தார்கள்.

பயம் வீண் பயம் இல்லை என்பதற்கு இதுவே சாட்சி.

தடுப்பூசியிலும் குழப்பம். 2021 ஜனவரி 16-ந் தேதி ஊசி போடத் தொடங்கியபோது கர்ப்பிணிகளுக்குக் கிடையாது என்றார்கள். ஜூலை 2-ந் தேதிதான் மத்திய சுகாதாரத்துறை "போட்டுக் கொள்ளலாம்" என்றது. அதற்குள் 2-வது அலையே ஓய்ந்து வந்தது! முதலில் வேண்டாம், பிறகு வேண்டும் என்றால் வயிற்றுப் பிள்ளைக்காரி யாரை நம்புவாள்?

கொரோனா உறுதியான தாய்க்குத் தனி வார்டு. பல ஊர்களில் தொடக்கத்தில் பிறந்த குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்தே வைத்தார்கள். முகக்கவசம் கட்டிக்கொண்டு, கையைக் கழுவிவிட்டு, தாய் பால் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-லேயே சொன்னது. அது எல்லா வார்டுக்கும் போய்ச் சேர நாளாயிற்று.

பழைய நோய்தான்!

கொரோனா இந்த நோயைப் புதிதாகக் கொண்டு வரவில்லை. இருந்ததைப் பெரிதாக்கிக் காட்டியது.

உலகம் முழுவதும் கர்ப்பிணிகளில் சுமார் 10 சதவீதம் பேரும், பிள்ளை பெற்றவர்களில் 13 சதவீதம் பேரும் மனநலக் குறைவால் கஷ்டப்படுகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வளரும் நாடுகளில் இது இன்னும் கூடுதல்.

வேலூர் அருகே கணியம்பாடி வட்டாரத்தில் டாக்டர்கள் நடத்தி 2002-ல் வெளியிட்ட ஆய்வில், 100-க்கு 11 தாய்மார்களுக்குப் பிரசவத்துக்குப் பிறகு புதிதாக மனச்சோர்வு வந்தது தெரிந்தது. காரணம் என்ன? குறைந்த வருமானம், மாமியாரோடும் பெற்றோரோடும் மனத்தாங்கல், ஆண் பிள்ளையை எதிர்பார்த்து பெண் பிள்ளை பிறந்தது, கூடமாட உதவிக்கு ஆள் இல்லாதது. ஊரடங்கில் இவற்றில் எது குறைந்தது? வேலை போனது, உதவி போனது, சண்டை வீட்டுக்குள்ளேயே சுற்றியது.

எது சோர்வு, எது நோய்?

பிள்ளை பெற்ற சில நாளில் காரணம் இல்லாமல் அழுகை வரும். பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தானே போய்விடும்.

இரண்டு வாரத்துக்கு மேலும் துக்கம், குழந்தை தூங்கினாலும் தனக்குத் தூக்கமில்லை, சாப்பாடு பிடிக்கவில்லை, "நான் நல்ல தாய் இல்லை" என்ற எண்ணம், சாகலாம் என்ற நினைப்பு இருந்தால் அது நோய். டாக்டரிடம் போகவேண்டும். கர்ப்பமாக இருக்கும்போதும் இது வரும்.

ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்குப் புத்தியே தடுமாறும். இல்லாத குரல் கேட்கும், சந்தேகம் வரும். "பிரசவ ஜன்னி" என்றும் "பேய் பிடித்தது" என்றும் சொல்லி மந்திரிக்கக் கூட்டிப் போகிறவர்கள் உண்டு. அது அவசர நோய். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். தாயையும் சேயையும் தனியே விடக்கூடாது.

மருந்து சாப்பிட்டால் பிள்ளைக்கு ஆகாது என்று பயந்து ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரையைத் தானாக நிறுத்துவதும் ஆபத்து. கர்ப்பிணிக்கு ஏற்ற மருந்தை டாக்டர் பார்த்துத் தருவார்.

10 கேள்வி போதும்

இதைக் கண்டுபிடிக்க ஸ்கேன் வேண்டாம், ஊசி வேண்டாம். 1987-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் டாக்டர்கள் 10 கேள்விகள் கொண்ட பட்டியல் தயாரித்தார்கள். கடந்த 7 நாளில் சிரிக்க முடிந்ததா, காரணம் இல்லாமல் பயம் வந்ததா, தனக்குத் தானே தீங்கு செய்துகொள்ளத் தோன்றியதா என்ற மாதிரிக் கேள்விகள். தமிழிலும் அது வந்து, சரிபார்க்கப்பட்டுவிட்டது. ஐந்தாறு நிமிஷ வேலை.

மாகியை ஒட்டிய கேரளத்தில் "அம்ம மனஸ்" என்ற திட்டத்தில் சுகாதார ஊழியர்களே கர்ப்பிணிகளின் மனநலத்தை விசாரிக்கிறார்கள். புதுவையிலும் எடை, ரத்த அழுத்தம், ரத்தச் சோகை பார்க்கிற அதே வரிசையில் "ராத்திரி தூக்கம் வருதாம்மா?" என்று ஒரு கேள்வி சேர்ந்தால் போதும். மத்திய அரசுத் திட்டப்படி ஒவ்வொரு மாசமும் 9-ந் தேதி கர்ப்பிணிகளுக்கு இலவசப் பரிசோதனை இருக்கிறது. அந்த நாளே இதற்குத் தோது.

வீட்டுக்காரர்களுக்கும் வேலை உண்டு. வேலை முடிந்து வந்ததும் டி.வி. போடுமுன் பத்து நிமிஷம் உட்கார்ந்து கேளுங்கள். "எல்லாப் பொம்பளைக்கும் வர்றதுதானே" என்று தட்டிக் கழிக்காதீர்கள்.

வெளியே சொல்லக் கூச்சமா? 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். 2022 அக்டோபர் 10-ந் தேதி மத்திய அரசு தொடங்கிய "டெலி மானஸ்" மனநல உதவி எண் அது. காசு இல்லை. 24 மணி நேரமும் உண்டு. தமிழிலேயே பேசலாம்.