உங்களுக்குத் தெரியுமா? ஓசூர்க்காரர்களுக்கு மாரத்தான் சேதிகள்

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் ஆலை வேலைக்குப் போய்க்கொண்டே, ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் பெங்களூருக்கு ஓடக் கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும், "நம்மால் ஆகுமா?" என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கும் இந்த வாரத் துணுக்குகள்.

ஓசூர் டூ பெங்களூரு
ஓசூரிலிருந்து பெங்களூரு நகர மையம் ஏறத்தாழ 40 கி.மீ. முழு மாரத்தான் 42.195 கி.மீ. அத்திப்பள்ளி, சந்தாபுரா, எலெக்ட்ரானிக் சிட்டி, பொம்மனஹள்ளி என்று பஸ்ஸில் உட்கார்ந்து போவதற்கே அலுத்துப்போகும் தூரத்தை ஓட்டக்காரர் தன் காலால் கடந்து, அதற்கு மேலும் இரண்டு கி.மீ. போகிறார்.

அந்த 195 மீட்டர் எங்கிருந்து வந்தது?
1896-ல் ஏதென்ஸில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கில் மாரத்தான் சுமார் 40 கி.மீ.தான். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஓட்டம் வின்ட்சர் அரண்மனையில் தொடங்கி, மைதானத்தில் அரச குடும்பம் அமர்ந்திருந்த மாடத்துக்கு முன்னால் முடிந்தது. அந்த வழியின் நீளம் 42.195 கி.மீ. 1921-ல் அதையே நிலையான தூரமாக அறிவித்தார்கள்.

10 கி.மீ. ஓடினால் போதுமா?
தாராளமாகப் போதும். நகர ஓட்ட விழாக்களில் 5, 10, 21.0975 கி.மீ. பிரிவுகளும் உண்டு, கடைசியாகச் சொன்னதுதான் அரை மாரத்தான். சென்னை மாரத்தானில் 20 மைல், அதாவது சுமார் 32 கி.மீ. பிரிவும் இருக்கிறது. அரை மாரத்தான் முடித்துவிட்டு முழுதுக்குத் தயாராகிறவர்களுக்கு அது நல்ல படிக்கட்டு.

எல்லை தாண்டினால் ஓட்டம்
பெங்களூரின் 'வேர்ல்டு 10கே' ஓட்டம் 2008-ல் தொடங்கியது. கென்யா, எத்தியோப்பியா வீரர்கள் ஓடும் அதே சாலைகளில், அதே நாளில், முதன்முறை பிப் (நெஞ்சில் குத்தும் எண் அட்டை) குத்திக்கொண்டவரும் ஓடலாம். முழு தூரம் வேண்டுவோருக்கு பெங்களூரு மாரத்தான் இருக்கிறது. அது 2014-ல் தொடங்கியது. தார்ச்சாலை வேண்டாம் என்பவர்களுக்கு ஸ்ரீரங்கப்பட்டணம் அருகே கால்வாய்க்கரை மண்பாதையில் நடக்கும் காவிரி டிரெயில் மாரத்தான்.

சைக்கிள்தான் அளவுகோல்
அங்கீகாரம் பெற்ற மாரத்தான் பாதையைச் சைக்கிளில் போய்த்தான் அளக்கிறார்கள். முன்சக்கரத்தில் சுற்றுகளை எண்ணும் கருவி பொருத்தியிருக்கும். வளைவுகளில் ஓரக்கல்லிலிருந்து 30 செ.மீ. தள்ளி, எவ்வளவு குறுக்காகப் போக முடியுமோ அவ்வளவு குறுக்காக அளப்பார்கள். தூரம் குறைந்துவிடக் கூடாது என்பதற்காக ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் 42 மீட்டர், கூடுதலாகவும் சேர்ப்பார்கள். உங்கள் கைக்கடிகாரம் 42.6 என்று காட்டினால் அமைப்பாளர்களைத் திட்ட வேண்டாம். வளைவுகளை அகலமாகச் சுற்றி வந்திருப்பீர்கள்; ஜி.பி.எஸ். கணக்கிலும் கொஞ்சம் பிசகு இருக்கும்.

டோல்கேட்டும் பிப்பும்
கிருஷ்ணகிரி டோல்கேட்டில் வண்டியின் ஃபாஸ்டேகைப் படிக்கிறதே ஒரு கருவி, அதே வகைத் தொழில்நுட்பம்தான் ஓட்டக்காரரின் பிப்பிலும் இருக்கிறது. பேட்டரி இல்லாத சின்னச் சில்லு அது. தொடக்கக் கோட்டிலும் முடிவுக் கோட்டிலும் உள்ள வாங்கிகள் அதைப் படித்து நேரத்தைக் குறிக்கும். ஆகவே கூட்டத்தின் பின்னால் நின்று, துப்பாக்கி வெடித்துப் பத்து நிமிடம் கழித்துக் கோட்டைத் தாண்டினாலும் அந்தப் பத்து நிமிடம் உங்கள் கணக்கில் ஏறாது. முன்னால் போக முண்டியடிக்கத் தேவையே இல்லை. பிப்பை மட்டும் கசக்கவோ மடிக்கவோ கூடாது.

நம் ஊர் உயரம் உதவுமா?
ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மெல்லிய காற்றில் பழகி ரத்தத்தில் சிவப்பணு கூடவேண்டும் என்றால் இந்த உயரம் போதாது. 2,000 மீட்டரையொட்டியாவது ஏற வேண்டும். கென்யாவின் இட்டென் ஊர் சுமார் 2,400 மீட்டர். 2,200 மீட்டருக்கு மேல் உள்ள நம் ஊட்டியில் இந்திய நெடுந்தூர வீரர்கள் பயிற்சி எடுப்பது அதனால்தான். ஆனால் ஓசூருக்கு வேறொரு வரம் உண்டு. அது காலைக் குளிர். சென்னைக்காரர் வியர்வையில் குளித்துக்கொண்டு ஓடும் மாதங்களிலும் இங்கே நிதானமாக ஓடிப் பழகலாம்.

ஏன் அதிகாலை 4 மணி?
சென்னை மாரத்தானில் முழுத் தூரம் ஓடுகிறவர்கள் ஜனவரியில், அதிகாலை 4 மணிக்கு நேப்பியர் பாலத்திலிருந்து புறப்படுகிறார்கள். காரணம் வெயிலும் கடற்காற்றின் ஈரமும். காற்றில் ஈரம் கூடினால் வியர்வை ஆவியாகாது, உடம்பு குளிராது. ஓசூரிலிருந்து சென்னைக்கு ஓடப் போகிறவர்கள் வழக்கமான வேகத்தை அங்கேயும் எதிர்பார்த்தால் பாதி வழியில் திணற வேண்டிவரும். கிலோமீட்டருக்குச் சில நொடிகளை முதலிலேயே விட்டுக்கொடுப்பது நல்லது.

54 ஆண்டு ஓடிய மாரத்தான்
1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் கடும் வெயில். ஜப்பானின் ஷிஸோ கனகுரி நடுவழியில் சோர்ந்து, ஒரு வீட்டார் கொடுத்த உபசாரத்தை ஏற்று இளைப்பாறிவிட்டு, யாரிடமும் சொல்லாமல் ஊர் திரும்பிவிட்டார். சுவீடனில் அவரைக் 'காணாமல் போனவர்' என்றே எழுதி வைத்தார்கள். 1967-ல் அழைத்து வந்து ஓட்டத்தை முடிக்க வைத்தார்கள். அவரது நேரம்: 54 ஆண்டு, 8 மாதம், 6 நாள், 5 மணி, 32 நிமிடம், 20.3 நொடி.

32-வது கிலோமீட்டரில் என்ன நடக்கிறது?
"30 வரைக்கும் ஜோராப் போச்சு, அப்புறம் காலே நகரலை." முழு மாரத்தான் ஓடிய பலரும் சொல்வது இது. உடம்பு தசையிலும் கல்லீரலிலும் சேமித்து வைக்கும் சர்க்கரை சுமார் 2,000 கலோரிதான். 60 கிலோ எடையுள்ளவர் முழுத் தூரம் ஓட ஏறத்தாழ 2,500 கலோரி செலவாகும். மிச்சத்தைக் கொழுப்பிலிருந்து எடுக்க வேண்டும். அது மெதுவாகத்தான் கிடைக்கும். முதல் பாதியில் வேகமாக ஓடுகிறவருக்குச் சர்க்கரைச் சேமிப்பு இன்னும் சீக்கிரம் கரையும். ஓட்டக்காரர்கள் இதைச் 'சுவரில் மோதுவது' என்பார்கள். வழியில் வாழைப்பழம், பேரீச்சை, ஜெல் ஆகியவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்வது சுவரைத் தள்ளிப்போடும்.

களி சாப்பிடலாமா?
ராகி அதிகம் விளையும் மாவட்டங்களில் கிருஷ்ணகிரியும் ஒன்று. 100 கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, மாவுச்சத்தும் நிறைய. பயிற்சிக் காலத்துக்கு ராகிக் களியும் கீரைக் குழம்பும் அருமையான சாப்பாடு. ஆனால் நார்ச்சத்து அதிகம் என்பதால், ஓட்டத்துக்கு முந்தைய இரவு களி சிலர் வயிற்றைக் கலக்கிவிடும். எது ஒத்துக்கொள்ளும் என்று பயிற்சி நாட்களிலேயே பார்த்துவிடுங்கள். ஓட்ட நாளில் சாப்பாடு, ஷூ, சட்டை எதிலும் புதுசு வேண்டாம்.

தண்ணீரும் அளவோடு
2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது, 13 சதவீதத்தினருக்குச் சோடியம் அளவு குறைந்திருந்தது. ஓடும்போது எடை கூடும் அளவுக்கு நீர் குடித்தவர்களிடம் இது அதிகம் தெரிந்தது. வழியில் உள்ள ஒவ்வொரு தண்ணீர்ப் பந்தலிலும் கட்டாயம் குடித்தே ஆகவேண்டும் என்பதில்லை. தாகத்துக்குக் குடித்தால் போதும். நீண்ட ஓட்டத்தில் உப்புக் கலந்த பானமும் இடையிடையே சேரட்டும்.

பலூன் கட்டியவரைப் பின்தொடருங்கள்
நகர ஓட்டங்களில் கொடியோ பலூனோ கட்டிக்கொண்டு, முதுகில் 2:15, 2:30 என்று எழுதிக்கொண்டு ஓடுகிறவர்கள் 'பேசர்கள்'. சொன்ன நேரத்துக்குச் சரியாக முடிப்பதுதான் அவர்கள் ஏற்றுக்கொண்ட வேலை. தன்னால் இன்னும் வேகமாக ஓட முடிந்தும், அதை விட்டுவிட்டு முகம் தெரியாதவர்களுக்குத் துணையாக ஓடுகிறார்கள். முதல் அரை மாரத்தானில் ஒரு பேசரோடு ஒட்டிக்கொண்டவருக்கு ஆரம்ப வேகத்தின் ஆசை அடங்கும்.

100 மீட்டருக்கு 17 நொடி
2023 அக்டோபர் 8-ல் சிகாகோவில் கென்யாவின் கெல்வின் கிப்டம் 2 மணி 35 நொடியில் மாரத்தானை முடித்தார். மணிக்குச் சராசரியாக 21 கி.மீ. ஒவ்வொரு 100 மீட்டரையும் சுமார் 17 நொடியில், இடைவிடாமல் 421 தடவை! நான்கே மாதத்தில், 24 வயதில், கார் விபத்தில் அவர் இறந்தது ஓட்ட உலகின் ஆறாத துயரம்.

புதுக்கோட்டையின் கால்கள்
2017 டெல்லி அரை மாரத்தானில் இந்தியப் பெண்கள் பிரிவில் முதலிடம் எல்.சூர்யாவுக்கு. நேரம் 1:10:31. அதே ஆண்டு புவனேஸ்வரில் நடந்த ஆசியத் தடகளத்தில் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றவர் கோ.லட்சுமணன். இருவரும் புதுக்கோட்டைக்காரர்கள். நெடுந்தூர ஓட்டத்துக்குக் கென்யாவில்தான் பிறக்க வேண்டும் என்பதில்லை.

நாற்பது ஆண்டு நிலைத்த நேரம்
வெறுங்காலில் ஓடிப் பேர்பெற்ற சிவ்நாத் சிங், 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக் மாரத்தானில் 11-வதாக வந்தார். 1978-ல் ஜலந்தரில் அவர் ஓடிய 2:12:00 நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இந்தியாவின் தேசிய சாதனையாக நின்றது. இன்றைய கார்பன் தகட்டு ஷூ எதுவும் அன்று கிடையாது.

புதருக்குள் காத்திருந்த பெண்
1966-ல் பாஸ்டன் மாரத்தானில் பெண்களைச் சேர்க்க மறுத்தபோது, பாபி கிப் புதர் மறைவில் காத்திருந்து, ஓட்டம் கிளம்பியதும் உள்ளே புகுந்து முழுத் தூரத்தையும் முடித்தார். அடுத்த ஆண்டு 261-ஆம் எண்ணுடன் ஓடிய கேத்தரின் ஸ்விட்சரை ஓர் அதிகாரி பிடித்து இழுத்தார். அவரும் முடித்தே காட்டினார். ஒலிம்பிக்கில் பெண்கள் மாரத்தான் வந்தது 1984-ல்தான். நம் பக்கத்து எலெக்ட்ரானிக்ஸ் ஆலைகளில் ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் வேலை பார்க்கிறார்கள். அவர்கள் பயமில்லாமல் விடியலில் ஓட ஒரு வெளிச்சமான பாதை அமைத்துத் தருவது ஊரின் கடமை.

கடைசியாக வந்தவரின் புகழ்
1968 மெக்ஸிகோ ஒலிம்பிக்கில் தான்சானியாவின் ஜான் ஸ்டீபன் அக்வாரி கீழே விழுந்து காலில் அடிபட்டும், கட்டுப்போட்டுக்கொண்டு ஓடி முடித்தார். வெற்றி பெற்றவர் வந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அன்றைய வெற்றியாளரின் பெயரைவிட இவர் பெயரை நினைவு வைத்திருப்பவர்கள் அதிகம்.

நைட் ஷிஃப்ட் முடித்து நேராக ஓட்டமா?
வேண்டவே வேண்டாம். தூக்கமில்லாத உடம்புக்கு அதே வேகமும் கூடுதல் பாரமாகத் தெரியும். தடுக்கி விழும் ஆபத்தும் அதிகம். ஓட்டத்துக்கு முந்தைய இரவு பதற்றத்தில் பலருக்கும் தூக்கம் வராது, அதனால் பெரிய நஷ்டமில்லை. அதற்கு முந்தைய இரவுகளின் தூக்கம்தான் கைகொடுக்கும். ஞாயிறு ஓட்டம் இருந்தால் அந்த வாரம் ஷிஃப்ட் மாற்றிக்கொள்ள மேற்பார்வையாளரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

படி இறங்கும்போது தெரியும்
முழு மாரத்தான் ஓடிய மறுநாள் சந்திரசூடேஸ்வரர் மலைக்கு ஏறுவதுகூட முடியும், இறங்குவதுதான் கஷ்டம். இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே பாரம் தாங்க வேண்டும். ஓட்டத்தில் தசையிழைகளில் விழுந்த நுண்ணிய காயங்கள் அப்போது வலிக்கும். வலி 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போய், தானாகக் குறையும். பெருவிரல் நகம் கறுத்துப்போவதும் சகஜம். அடுத்த முறை ஷூ அரை அளவு பெரிதாக இருக்கட்டும்.

100 வயதில் மாரத்தான், 114 வயதில் விபத்து
பஞ்சாபில் பிறந்த ஃபௌஜா சிங் 89 வயதில் மாரத்தான் ஓடத் தொடங்கினார். 2011-ல் டொரண்டோவில், பாஸ்போர்ட் கணக்குப்படி 100 வயதில், முழுத் தூரத்தை முடித்தார். 2025 ஜூலையில் சொந்த ஊர்ச் சாலையில் கார் மோதி இறந்தார். லாரிகள் ஓயாத நம் தேசிய நெடுஞ்சாலை 44-க்குப் பக்கத்தில் பழகுகிறவர்கள் இதை மறக்கக் கூடாது. நெடுஞ்சாலையில் ஓடாதீர்கள். ராமநாயக்கன் ஏரிக்கரையோ பள்ளி மைதானமோ போதும். உள்சாலையில் ஓடினால் எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி, ஒளிரும் சட்டையுடன், காதில் பாட்டு இல்லாமல் ஓடுங்கள்.

ஓட்டம் யாருக்காக?
2013-ல் தொடங்கிய கோவை மாரத்தான், கோயம்புத்தூர் கேன்சர் ஃபவுண்டேஷனின் பணிகளுக்காக நடத்தப்படுகிறது. ஆரோவில் மாரத்தானிலோ பரிசு, போட்டி எதுவும் கிடையாது. செம்மண் காட்டுப்பாதையில் ஓடும் மகிழ்ச்சி மட்டும்தான்.

எப்போது தொடங்கலாம்?
சென்னையின் முன்னாள் மேயர் மா.சுப்பிரமணியன் சர்க்கரை நோயையும் விபத்தில் பட்ட முழங்கால் காயத்தையும் மீறி 100-க்கும் மேற்பட்ட அரை மாரத்தான்கள் ஓடியவர். நாற்பது தாண்டியவர்களும், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களும் முதலில் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். பிறகு ஒரு நிமிடம் மெல்லோட்டம், இரண்டு நிமிடம் நடை என்று வாரத்துக்கு மூன்று நாள் தொடங்குங்கள். பேச்சு மூச்சு வாங்காமல் வரும் வேகமே சரியான வேகம். அவசரப்படாமல் மாதக்கணக்கில் தொடர்ந்தால் 10 கி.மீ. வசமாகும், அதன்பின் 21-ம் எட்டும். எட்டு மணி நேரம் நின்றபடி இயந்திரம் ஓட்டுகிற ஆளுக்கு நிதானத்தைப் புதிதாக யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. மாரத்தான் கேட்பதும் அந்த நிதானத்தைத்தான்.