கண் காட்டிக்கொடுக்கும் தள்ளாட்டம்

பெரம்பலூர், அரியலூர் பக்கம் நாற்பது வயதுக்காரர் ஒருவர் காலை அகட்டித் தள்ளாடி நடக்கிறார், பேச்சும் குழறுகிறது என்றால் ஊர் உடனே தீர்ப்புச் சொல்லிவிடும்: குடித்திருக்கிறார். அவர் மதுவைத் தொட்டே இருக்கமாட்டார். அவருடைய அப்பாவும் இதே வயதில் இப்படித் தள்ளாடியவர் என்று தெரிந்தால், சிறுமூளை மெல்லத் தேயும் பரம்பரை நோயைச் சந்தேகிக்க வேண்டும். மருத்துவர்கள் இதை அட்டாக்சியா என்கிறார்கள்.

இது ஒரு நோயல்ல, நோய்களின் கூட்டம். நடையை மட்டும் பார்த்து அவற்றைப் பிரிப்பது கடினம். மும்பையில் நரம்பியல் மருத்துவர் நோஷிர் வாடியா, நோயாளிகளின் கண்ணைக் கவனித்தார். நாம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பார்வையை மாற்றும்போது கண்கள் சட்டென்று தாவுகின்றன. அவர் பார்த்த நோயாளிகளுக்கோ கண்கள் ஊர்ந்தன. 1971-இல் சுவாமி என்ற மருத்துவருடன் சேர்ந்து, இப்படிப்பட்ட ஒன்பது குடும்பங்களைப் பற்றி 'பிரெய்ன்' இதழில் எழுதினார். அந்தத் தாவலுக்கு ஆணையிடும் செல்கள் மூளைத்தண்டில் இருக்கின்றன. அவை அழிவதே காரணம். 1996-இல் 12-ஆவது குரோமோசோமில் இதற்குரிய மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். அந்த மரபணுவில் 'சிஏஜி' என்ற மூன்றெழுத்துத் துண்டு அளவுக்கு மீறித் திரும்பத் திரும்ப வருகிறது. தலைமுறை இறங்க இறங்க அது நீளக்கூடும். அதனால் அப்பாவுக்கு நாற்பதில் வந்த நோய் மகனுக்கு இருபதுகளிலேயே வரலாம். இன்று இதன் பெயர் எஸ்.சி.ஏ. 2, அதாவது ஸ்பைனோசெரிபெல்லர் அட்டாக்சியா இரண்டாம் வகை. மரபணுச் சோதனையே இல்லாத காலத்தில், கண்ணசைவை வைத்து இதைத் தனியே பிரித்துக் காட்டியது இந்திய மருத்துவத்தின் பெரிய சாதனை என்பேன்.

மற்ற வகைகளிலும் கண் சாட்சி சொல்கிறது. ஆறாம் வகையில் கருவிழி கீழ்நோக்கித் துடிக்கும். ஏழாம் வகையில் விழித்திரையே கெட்டுப் பார்வை மங்கும். ஆனாலும் அறிகுறிகள் ஒன்றோடொன்று கலப்பதால், முடிவைச் சொல்ல மரபணுச் சோதனைதான் வேண்டும். இப்படி எண்ணிட்ட வகைகள் இன்று ஐம்பதை நெருங்குகின்றன.

இந்த வகைகள் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை. தமிழ்ச் சமூகம் ஒன்றில் எஸ்.சி.ஏ. 1 மிக அதிகம் என்று 2005-இல் 'நியூராலஜி இந்தியா' இதழில் ஓர் ஆய்வு வந்தது. வட இந்தியாவில் அகர்வால் சமூகத்தில் 12-ஆம் வகை அதிகம். எனவே மருத்துவர் சொந்த ஊரையும் உறவுமுறையையும் கேட்டால் சங்கடப்பட வேண்டாம். அது சிகிச்சையின் ஒரு பகுதி.

இந்த எண்ணிட்ட வகைகள் பெற்றோரில் ஒருவரிடமிருந்தே வந்துவிடும். வேறு சில, இருவரிடமிருந்தும் குறை சேர்ந்தால்தான் வரும். மாமன் மகள், அக்காள் மகள் என்று உறவுக்குள் மணம் முடிக்கும் நம் பக்கம் இதற்கு வாய்ப்பு கூடுதல். அப்படி வருவதில் ஒன்று, வைட்டமின் 'ஈ'யை உடல் தக்கவைக்க முடியாத கோளாறு. சீக்கிரம் கண்டுபிடித்து அந்த வைட்டமினைத் தொடர்ந்து கொடுத்தால் நோய் மோசமாவதைத் தடுக்கலாம். பி12 குறைவு, தைராய்டு குறைவு, சில வலிப்பு மாத்திரைகளின் அளவு மிகுதல் ஆகியவையும் தள்ளாட்டம் தரும். இவற்றுக்கும் வழி உண்டு. எஸ்.சி.ஏ. வகைகளை முழுதாகக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. நடைப் பயிற்சியும் பேச்சுப் பயிற்சியும் உதவுகின்றன.

உங்கள் வீட்டில் யாராவது இப்படித் தள்ளாடினால், குடும்பத்தில் யார் யாருக்கு எந்த வயதில் தொடங்கியது என்று ஒரு தாளில் எழுதி, நரம்பியல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். கண்ணசைவைச் சோதிக்கச் சொல்லுங்கள். அதற்கு முன், அவரைக் குடிகாரர் என்று சொல்வதை நிறுத்துங்கள்.