பட்டாணிக்கு ஏற்ற கொழுகொம்பு

முல்லைக் கொடியொன்று பற்றிப் படரக் கொம்பின்றி வாடுவதைக் கண்டு, தன் தேரையே அதற்கு ஈந்துவிட்டு நடந்தான் பாரி என்பது நாம் வழிவழியாகக் கேட்டுவரும் செய்தி. அவ்வள்ளலின் ஈகையைப் போற்றும் நாம், தோட்டக்காரர் என்ற முறையில் ஒரு கேள்வியையும் எழுப்பலாம். எல்லாக் கொடிகளுக்கும் ஒரே வகைக் கொழுகொம்பு போதுமா? போதாது என்பதே அதற்கு விடை.

ஓசூர் மேட்டுநிலம் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1970களில் இங்கே சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தபின், பல ஊர்களிலிருந்து மக்கள் வந்து குடியேறினர். அவர்களுள் வீட்டின் பின்புறத்துச் சிறு நிலத்தில் காய்கறி பயிரிட விரும்புவோருக்குப் பட்டாணி ஏற்ற பயிர். ஆனால் அது குளிரை நாடும் செடி. வெப்பம் 30 பாகை செல்சியசைக் கடந்தால் பூக்கள் உதிரும், காய்ப்பு குறையும். ஐப்பசியில் விதைத்து, மாசி வெயில் ஏறுமுன் பறித்து முடிக்க வேண்டும். கொடி பற்றுக்கோடின்றித் தரையில் கிடக்கும் ஒவ்வொரு நாளும் இக்குறுகிய பருவத்தில் இழப்பேயாகும்.

அவரைக்குப் பந்தலிடுவது இவ்வட்டாரத்தார் நன்கறிந்த தொழில். எல்லைக்கு அப்பால் கன்னடம் பேசுவோரும் அதனை 'அவரெ' என்றே வழங்கி விரும்பி உண்கின்றனர். அந்தப் பழக்கத்தினாலே பட்டாணிக்கும் ஒரு தடித்த மூங்கிலை நட்டுவிடுகிறோம். கொடியோ அதில் ஏறாமல் அடியிலேயே சரிந்து கிடக்கிறது.

இதற்குக் காரணம் ஏறும் முறையில் உள்ள வேற்றுமை. அவரை தன் தண்டையே கொம்பின்மேல் சுற்றிச் சுற்றி ஏறுகிறது; ஆகவே தடித்த கழியும் அதற்கு உதவும். பட்டாணியின் தண்டு சுற்றுவதில்லை. இலையின் நுனியிலுள்ள சிற்றிலைகளே மெல்லிய பற்றுக்கம்பிகளாக மாறியிருக்கின்றன. சார்லஸ் டார்வின் 1865-இல் வெளியிட்ட நீண்ட கட்டுரையில் இத்தகைய கம்பிகளின் தொடுவுணர்ச்சியை விரிவாக ஆராய்ந்தார். கம்பியின் ஒரு பக்கம் எதிலேனும் பட்டவுடன், மறுபக்கம் விரைந்து வளர்வதால் அது வளைந்து பிடித்துக்கொள்கிறது. குழந்தையின் விரல்கள் தூணை வளைத்துப் பிடிக்க இயலாதவாறு, இந்தச் சிறு கம்பிகளும் தடித்த கழியைப் பற்ற இயலாது. எழுதுகோலைவிட மெல்லிய பொருளே அவற்றுக்கு ஏற்றது.

எனவே பட்டாணிக்கு வேண்டுவது கிளைகள் நிறைந்த மிளாறு. அறுவடைக்குப்பின் காய்ந்த துவரைச் செடி இதற்கு மிகப் பொருத்தம். பட்டுப்பூச்சி வளர்ப்பு நடைபெறும் இப்பகுதியில் முசுக்கொட்டைக் கிளைகளும் எளிதில் கிடைக்கும். ஆனால் அவற்றைப் பச்சையாக நடலாகாது. முசுக்கொட்டை போத்து நட்டாலே வேர்பிடிக்கும் மரமாதலால், கொழுகொம்பே தளிர்த்துப் பட்டாணியின் நீரையும் உரத்தையும் பறித்துக்கொள்ளும். நன்கு உலர்த்திய பின்னரே நட வேண்டும். மிளாறு கிடைக்காதோர் இரு முனைகளிலும் முளை அடித்து, சாணுக்கு ஒன்றாகச் சணல் கயிறுகளைக் குறுக்கே கட்டலாம்.

விதைக்கும்போதே கொம்பு நடுவது நலம். தவறினால் செடி ஒரு சாண் உயரம் வளர்வதற்குள் நட்டுவிட வேண்டும். பிந்தி நட்டால் வேர் அறுபடும். பின்னிக் கிடக்கும் கொடிகளைப் பிரிக்கும்போது தண்டும் ஒடியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சாயாதவாறு கொம்பை ஆழமாக ஊன்றுக.

ஆர்கல் போன்ற குட்டை வகைகள் ஒன்றரை அடி அளவே வளரும். அவற்றுக்குச் சிறு மிளாறு போதும். நெட்டை வகைக்கு ஆளுயரக் கொம்பு வேண்டும். ஆகவே விதை வாங்கும்போதே அது எவ்வகை எனக் கேட்டறிதல் நன்று.

நிமிர்ந்து நிற்கும் கொடியில் காற்று புகும். காய்கள் மண்ணில் பட்டு அழுகா. இலை மறைவிலுள்ளவையும் கண்ணில் படும். முற்றுமுன் பறிக்கப் பறிக்க மேலும் பூக்கும். பருவம் முடிந்ததும் தண்டை மட்டும் அறுத்துவிட்டு வேரை மண்ணிலேயே விட்டுவிடுக. அதன் முடிச்சுகளிலுள்ள தழைச்சத்து அடுத்த பயிருக்கு உதவும். கொம்புகளைப் பிடுங்கி உலர்த்தி வைத்தால், அவை மறு ஐப்பசிக்கும் பயன்படும்.